துரை தொட்ட கயிறு

ஹயாத்து முகம்மது செத்துக் கிடந்தார்.

புரொஜெக்டருக்கும் கதிரைக்கும் நடுவில், மல்லாந்து... ஒரு கை நெஞ்சில், மறு கை திறந்து கிடந்த தகரப் பெட்டியில். தலைக்கடியில் சிமெந்துத் தரை சிவந்திருந்தது. ஜன்னல்களுக்குப் பாய் அடித்து இருட்டாக்கிய அறை. புரொஜெக்டர் மட்டும் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் படம் இல்லை. வெறும் வெள்ளைச் சதுரம்!

யூஜினி வாசலில் நின்றபடியே அலறினாள். புத்தளம் பஸ் நிலையம் வரைக்கும் கேட்டிருக்கும்.

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"கத்தாத மகள்... மண்ட வெடிக்கிது."

"நானா... நீங்க சாகேல்லையா?"

"மௌத்தாப் போன ஆளுக்கு இப்பிடி வலிக்காது. மௌத்தான பிறகும் வலிச்சா, அதுல என்ன லாபம்?"

அடுப்படியில் இருந்து அவருடைய மனைவி றஹ்மத் உம்மா ஓடி வந்தாள். விடியக்காலையில் இந்த அறைக்குள் நுழைந்தவர், பகலாகியும் படம் பார்க்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ரத்தத்தைக் கண்டதும் முதலில் அழுதாள். பிறகு, ஆள் பேசுகிறார் என்று தெரிந்ததும், ஏசத் தொடங்கினாள். கல்யாணம் கட்டின நாளில் இருந்து இந்தப் பயஸ்கோப் பெட்டி ஒருநாள் மண்டையில் விழும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். இந்த மனுஷனுக்குக் காது இருந்தால்தானே.

"பெட்டி விழல்ல," என்றார் ஹயாத்து. "ஆளொருத்தன் பின்னால வந்து அடிச்சான்."

றஹ்மத் உம்மா ஏசுவதை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒங்களுக்கு எதிரி வேற ஈக்கிறானா? அந்தளவுக்கு நீங்க என்னத்தச் செஞ்சீங்க?"

யூஜினி அதையெல்லாம் கேட்கவில்லை. அவள் புரொஜெக்டரைப் பார்த்தாள்.

மேல் சக்கரம் காலி. கீழ்ச் சக்கரமும் காலி. தகரப் பெட்டியும் காலி.

படச்சுருள் போய்விட்டது!

அடி விழுந்தது ஹயாத்துக்கு. விழப்போவது அவளுடைய ஊர்.

கதை இதுதான்.

ஹயாத்து முகம்மதுவின் வாப்பா சாஹுல் ஹமீது, வெள்ளைக்காரன் காலத்தில் புத்தளம் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், அதிகாரியாக இருந்த ஒரு துரையின் டிரைவர். நாற்பத்தெட்டில் துரை பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறினபோது, பாரம் கூடிப்போச்சு என்று இந்தப் புரொஜெக்டரை டிரைவரின் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதோடு ஒரு சுருளும் மறந்துபோய் வந்துவிட்டது. மகன் ஹயாத்து அந்த மெஷினை வைத்துத்தான் கற்பிட்டி முதல் சிலாபம் வரை ஊர் ஊராகப் படம் காட்டினார். சின்னப்பிள்ளை முதல் கிழவர் வரை எல்லோருக்கும் அவர் 'பயஸ்கோப் நானா', பயஸ்கோப் அண்ணன்.

அந்தச் சுருள், துரைசாணி பிடித்தது. கலரில்!

கச்சேரியில் கொடி இறங்குகிறது. வெயிலில் சிவந்த மூக்கோடு துரைமார் சல்யூட் அடிக்கிறார்கள். பிறகு தேநீர் விருந்து. ஒருவர் முகத்திலும் களை இல்லை. பிறகு மரப்பெட்டிகள், சுருட்டின கம்பளம், உடைந்த பீங்கான், யாரோடு போவது என்று தெரியாமல் ஓடித் திரிகிற ஒரு நாய். ஒரு சாம்ராச்சியம் முடிகிறது என்றால் இடி இடிக்கும், மின்னல் வெட்டும் என்று யூஜினி நினைத்திருந்தாள். பார்த்தால், வாடகை வீடு மாறுகிற குடும்பம் மாதிரித்தான் இருந்தது. அதே அலுப்பு, அதே புருஷன் பெண்சாதிச் சண்டை.

போன மாதம் லண்டனில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைக்கார ராச்சியம் சரிந்த கதையை முழுக்க முழுக்க அந்தக் காலத்துக் கலர்ப் படங்களை வைத்தே சொல்லும் ஒரு ஆவணப்படம் எடுக்கிறார்களாம். மொழிபெயர்க்க யூஜினியைக் கூப்பிட்டார்கள். சரித்திரத்தில் சிறப்புப் பட்டம். வீட்டிலேயே முதல் பட்டதாரி. வேலையில்லாப் பட்டதாரிகள் சங்கத்தில் உறுப்பினர். அவள் இதுவரை வகித்த ஒரே பதவி அதுதான்.

கொடி இறங்கினபோது லண்டன்காரர் கண்ணைத் துடைத்தார்கள். அதற்குப் பிறகு கடற்கரை வந்தது. இந்த மீன் பிடிக்கிற துண்டு தேவையில்லை, வெட்டிவிடலாம் என்றார்கள்.

யூஜினி அங்கேதான் எழும்பி நின்றாள்.

அது அவளுடைய கடற்கரை! தலவில அன்னம்மாள் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, கரையில் கற்சிலுவை நிற்கிற அதே இடம். கரைவலை இழுக்கிறார்கள். கயிற்றில் வரிசையாக ஆட்கள். அவர்களுக்கு நடுவில் தொப்பியைக் கழற்றிவிட்டு, களிசானை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கயிறு பிடித்து இழுக்கிறார்... துரை!

வலை கரை சேர்ந்ததும் சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர், ஒரு பெரிய மீனைத் தூக்கித் துரையின் கையில் கொடுக்கிறார். துரை வாங்குகிறார்.

லண்டன்காரருக்கு அது வெறும் மீன். அந்தக் கரையில் பிறந்த யூஜினிக்கு அது பத்திரம், உறுதி எல்லாம்.

ஏனென்றால் கரைவலையில் ஒரு முறை உண்டு. கயிறு தொட்டவன் யாராக இருந்தாலும் பங்கில்லாமல் போகக்கூடாது. அந்தப் பங்கைச் சம்மாட்டிதான் தன் கையால் கொடுக்க வேண்டும். வாங்கினவன், இந்தக் கரை உன்னுடைய பாடு, இங்கே வலை இழுக்கிற உரிமை உனக்கு உண்டு என்று ஊருக்கு முன்னால் ஒத்துக்கொண்டவன் ஆகிறான். மீனவனிடம் எழுத்து இல்லை. இதுதான் எழுத்து.

நாட்டில் யுத்தம் முடிந்தது. கடற்கரைக்கு விலை வந்தது. கொழும்பில் இருந்து ஒரு ஹோட்டல் கொம்பனி வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தக் கரையில் ஒருவரும் வலை இழுக்கவில்லை, இது சும்மா கிடந்த அரசாங்க நிலம் என்றது. இன்று பின்னேரம் காணி அதிகாரியின் விசாரணை. சாட்சி இல்லையென்றால் வேலி!

அந்தச் சாட்சியைத்தான் ஒருவன் மண்டையில் அடித்துக் கொண்டுபோய்விட்டான்.

"வேற கொப்பி இல்லையா புள்ள?" என்று றஹ்மத் உம்மா கேட்டாள், மஞ்சள் துணியைப் புருஷனின் மண்டையில் அழுத்திக்கொண்டே.

லண்டன்காரர் இன்னும் கொப்பி எடுக்கவில்லை. யூஜினி தன் ஃபோனைக் காட்டினாள். அன்றைக்குச் சுவரை வீடியோ எடுத்திருந்தாள். வெள்ளையாக ஒரு ஒளி துள்ளிக்கொண்டிருந்தது. துரையும் இல்லை, மீனும் இல்லை.

"இது பள்ளிவாசல்ல பயான் நேரத்தில லைட் போய்ப் போய் வந்த மாதிரி ஈக்கிது," என்றாள் றஹ்மத் உம்மா.

"நானா, ஆளைக் கண்டீங்களா?"

"எங்க காண? இருட்டு." ஹயாத்து கண்ணை மூடி யோசித்தார். "ஆனா மணம் ஒண்டு வந்த. புளிச்ச மணம். நாறின மணம்..." திடீரென்று நிமிர்ந்தார். "இறால் தீன்! இறால் பண்ணையில போடுற தீன் மணம், மகள்!"

யூஜினியின் பல் நறநறத்தது.

றொமேஷ்!

வேறு யார்? அவளுடைய ஊரில் இறால் பண்ணை வைத்திருக்கிறவன் அவன் ஒருவன்தான். ஹோட்டல் கொம்பனிக்கு ஊரில் கால் கை எல்லாம் அவன்தான். ஹோட்டல் வந்தால் மனேஜர் கதிரை அவனுக்கு.

அவனுக்கு இந்தப் படத்தைப் பற்றி யார் சொன்னது?

அந்தக் கேள்வியை யூஜினி அவசரமாக ஸ்கூட்டிச் சாவியின் கீழ் புதைத்தாள். யார் சொன்னது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். போன ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வாசலில், முழு ஊருக்கும் முன்னால், விரலை நீட்டி: "டேய் றொமேஷ், உன்ட கொம்பனிக்கு நான் கலரில படம் காட்டுறன், பார்!"

பல்கலைக்கழகத்தில் எல்லாம் படித்தாள். வாயை மூடுவது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை.

ஸ்கூட்டி பாலாவியைத் தாண்டிப் பறந்தது. இரண்டு பக்கமும் உப்பளம், வெயிலில் கண் கூசியது. பொலிஸுக்குப் போகலாம். போனால் முறைப்பாடு எழுதிக்கொள்வார்கள். பேனை தேடுவார்கள். பேனை கிடைப்பதற்குள் கடற்கரையில் வேலி எழும்பிவிடும்.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிற இடத்தில் ஃபோன் அடித்தது.

அப்பா நிக்கொலஸ். எந்த நேரமும் கடலில் நின்று கதைப்பதுபோல் கத்திக் கதைப்பார். லொறியில் வேலிக்கட்டை வந்து இறங்கிவிட்டதாம். ஊரே கரையில் நிற்கிறதாம். படம் எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்களாம்.

"வருது அப்பா."

"வருதெண்டா? எங்க வருது?"

"றோட்டில வருது," என்றாள் யூஜினி. அவள் றோட்டில்தான் இருந்தாள். அதுவரைக்கும் அது உண்மை. "விசாரணைக்கு வாறவர் வந்துட்டாரா?"

"முஹ்ஸின் சேரா? அவர் இன்னும் கரைக்கு வரேல்ல. றொமேஷ் அவரைப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டான். இறால் சாப்பாடாம்."

யூஜினி ஃபோனை வெட்டினாள். ஸ்கூட்டியின் கழுத்தைத் திருகினாள்.

நியாயமாகப் பார்த்தால் இந்த வழக்குக்குப் படமே தேவையில்லை. படத்தில் மீன் கொடுக்கிற சம்மாட்டி இன்னாசிப்பிள்ளை. அவருக்கு ஒரே மகள், எமிலியா. இப்போதும் உயிரோடு இருக்கிறாள். இது என் அப்பாவின் பாடு, சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன் என்று எமிலியா வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆனால் எமிலியாவுக்கும் ஒரே மகன். அவன் பெயர் றொமேஷ்!

அவன் கெட்டிக்காரன். கொம்பனி வந்த உடனேயே தாயைத் தலவிலக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அன்னம்மாளின் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட வைத்தான். இந்தக் காணி விஷயத்தில் என் வாயால் மகனுக்கு எதிராக ஒரு சொல் வராது என்று சத்தியம் வாங்கினான். தலவிலயில் போட்ட சத்தியத்தை இந்தக் கரையில் ஒருவரும் மீற மாட்டார்கள். கடலுக்குப் போகிறவர்களின் ஊர். துணிய மாட்டார்கள்.

ஆகவே எமிலியா வாய் திறக்கவில்லை. ஊர் அவளைப் பார்த்துக் காறித் துப்பியது. அதற்கும் வாய் திறக்கவில்லை.

பண்ணை, கடலேரியான களப்புப் பக்கம். சதுரச் சதுரமாகக் குளங்கள். குளத்துக்குள் காத்தாடிச் சக்கரம் சுழன்று தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. முதல் குளத்தின் வரம்பில் ஒரு மேசை. மேசையில் இறால் பொரியல், இறால் கறி, இறால் வடை. அதற்குப் பின்னால், சட்டைக் கையை மடித்துவிட்டு, முஹ்ஸின் சேர்.

முஹ்ஸின் பொல்லாத மனுஷன் அல்ல. பசிக்கிற மனுஷன். அவ்வளவுதான்.

"வா கம்பஸ், வா!" றொமேஷ் எழும்பிக் கதிரை இழுத்தான். பல்கலைக்கழகம் போனவளை அவன் கூப்பிடுவது அப்படித்தான். "சாப்பிட்டுட்டியா? அம்மா, இன்னொரு சாப்பாட்டுக் கோப்பை."

எமிலியா ஒரு கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"படம் எங்க?"

"எந்தப் படம்? சேர், புத்தளத்தில இப்ப என்ன படம் ஓடுது?"

"றொமேஷ், விளையாடாத. காலையில களவெடுத்த படச்சுருள் எங்க?"

முஹ்ஸின் ஒரு இறாலின் தலையைக் கழற்றிக்கொண்டே பெருமூச்சு விட்டார். "தங்கச்சி, சாப்பாட்டு மேசையில நான் விசாரணை நடத்திறதில்ல."

"விசாரணை மேசையிலதான் சேர் இப்ப சாப்பாடு நடக்குது."

முஹ்ஸினின் கை அந்தரத்தில் நின்றது. றொமேஷ் பெரிதாகச் சிரித்தான். இவள் இப்படித்தான் சேர், படிச்ச பிள்ளை, வேலை கிடைக்கேல்ல, கோபம் கூட... என்றான். போன வருஷம் தான் பெண் கேட்டு அனுப்பியதையும், இறால் மணக்கிற வீட்டுக்கு வரமாட்டேன் என்று இவள் சொல்லி அனுப்பியதையும் மட்டும் சொல்லாமல் விட்டான்.

யூஜினி எல்லாவற்றையும் முஹ்ஸினிடம் கொட்டினாள். கொடி, துரை, கயிறு, மீன். காலையில் பயஸ்கோப் நானாவின் வீட்டில் படம் களவு போனது. மூச்சு விடாமல் சொன்னாள்.

"ஆர் கண்டது அந்தப் படத்தை?" றொமேஷ் பல்லுக்குத்திக்கொண்டே கேட்டான். "நீயும் அந்தக் கிழவரும். லண்டன்காரருக்குக் கொடி மட்டும்தான் ஞாபகம் இருக்கும். இப்ப கிழவரும் மண்டை உடைஞ்சு கிடக்கிறார். அவர் சொல்றதை ஆர் நம்புவா?"

யூஜினி மேசையில் கையை ஊன்றிக் குனிந்தாள்.

"நான் படம் களவு போச்சு எண்டுதானே சொன்னன்," என்றாள் யூஜினி மெதுவாக. "மண்டை உடைஞ்சதை நான் சொல்லேல்லையே."

றொமேஷின் பல்லுக்குச்சி நின்றது.

"ஊர்... ஊர் கதைக்குது."

"எந்த ஊர்? நான் புத்தளத்தில இருந்து நேர இஞ்ச வாறன். என்னை முந்திக்கொண்டு வந்த கதை எந்த பஸ்ஸில வந்தது?"

முஹ்ஸின் மெல்லுவதை நிறுத்தினார். றொமேஷைப் பார்த்தார். இறாலைப் பார்த்தார். பிறகு, மனசில்லாமல், கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"தம்பி சொன்ன பதில் எனக்குப் பிடிக்கல்ல," என்றார். "ஆனா தங்கச்சி, சந்தேகம் வேற, சாட்சி வேற. அடிபிடியைப் பொலிஸ் பார்க்கட்டும். காணிக்கு எனக்குப் படம் வேணும். அது இல்லாட்டி நான் என்னத்த எழுத?"

றொமேஷுக்கு உயிர் திரும்பி வந்தது. கதிரையில் சாய்ந்தான்.

"இல்லாத படத்தை எங்க போய்க் காட்டுறது, சேர்? நெருப்புக்குத்தான் தெரியும்."

யூஜினிக்குக் கண் கலங்கியது. இந்த நாய்க்கு முன்னால் அழக்கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள், கண்ணீர் உள்ளேயே திரும்பிப் போகட்டும் என்று.

மேலே, குளத்துக்குக் குறுக்கே, பட்டிகள் காற்றில் விர்ரென்று துடித்தன. பண்ணைக்காரர் எல்லோரும் செய்வதுதான். கொக்கும் நீர்க்காகமும் இறங்கி இறாலைத் தின்னாமல் இருக்க, பழைய பாட்டுக் கெசட் பட்டியைக் கழிக்குக் கழி இழுத்துக் கட்டுவார்கள். அது வெயிலில் மினுங்கும், சத்தம் போடும், கொக்கு பயப்படும்.

வரம்பு ஓரமாகப் போன ஒரு பட்டி மட்டும் அகலமாக இருந்தது.

ஓரத்தில் வரிசையாக ஓட்டை.

கெசட் பட்டிக்கு ஓட்டை இருக்குமா?

யூஜினி கதிரையில் ஏறினாள். மேசையில் ஏறினாள். முஹ்ஸின் இறால் வடையைக் காப்பாற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். அவள் பட்டியை இரண்டு விரலால் பிடித்து வெயிலுக்குத் தூக்கினாள்.

குட்டிக் குட்டிக் கட்டங்கள். நீல வானம். வெள்ளைக் கம்பம். அதில் சிவப்பும் நீலமுமாய்ப் பாதி இறங்கின ஒரு கொடி!

"சேர்," என்றாள். "படம் ஓடுது. இஞ்சதான்."

றொமேஷ் மேலே பார்த்தான். திரும்பித் தாயைப் பார்த்தான்.

"அம்மா! அதை அடுப்பில போடச் சொல்லித்தானே தந்தன்!"

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது.

பாய்ந்தான். பட்டி கட்டியிருந்த கழியை நோக்கி! ஒரே இழுவை இழுத்துத் தண்ணீரில் விட்டால் போதும், மிச்சத்தைக் காத்தாடிச் சக்கரம் பார்த்துக்கொள்ளும். அரைத்துத் தள்ளிவிடும்!

அவனுக்கும் கழிக்கும் நடுவில் எமிலியா நின்றாள். இரண்டு கையிலும் சட்டி. உள்ளே கறி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

அவள் சட்டியைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தாள். அவ்வளவுதான்.

றொமேஷ் நின்றான்.

"தம்பி," என்றார் முஹ்ஸின், முதல் தடவையாக உத்தியோகக் குரலில். "அந்தக் கதிரையில போய் இருங்க. கையை மேசையில வைங்க. எனக்குத் தெரியிற மாதிரி."

பிறகு யூஜினியிடம் திரும்பினார். கொடியை ஒத்துக்கொள்கிறாராம். ஆனால் மீன் எங்கே? மீன் வேறு வருஷத்தில் பிடித்த வேறு துண்டு, இதோடு ஒட்டியது என்று நாளைக்குக் கொம்பனியின் லோயர் சொன்னால்? கொடியில் இருந்து மீன் வரைக்கும் நடுவில் வெட்டும் ஒட்டும் இல்லாமல் ஒரே துண்டாக வரவேண்டும். வந்தால்தான் அது துரை கப்பலேற முந்தின மீன், வெள்ளைக்காரன் காலத்து மீன்.

"அப்ப நடப்பம் சேர்," என்றாள் யூஜினி. "முதல்ல கை கழுவுங்க. இறால் கையால சரித்திரத்தைத் தொடாதீங்க."

நடந்தார்கள்.

புத்தளத்துக் களப்பு ஓரத்தில், சேற்று வரம்பில், சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பிரித்தானிய சாம்ராச்சியம் சரிவதை அடி அடியாக நடந்து பார்த்தார்கள். பட்டியைத் தலைக்கு மேலே எட்டி எட்டிப் பிடித்து, முஹ்ஸின் விரலால் தடவிப் பார்ப்பார், ஒட்டு இருக்கிறதா என்று. யூஜினி எம்பி எம்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வருவாள். கொடி கீழே வந்துட்டுது சேர். சல்யூட். தேநீர் விருந்து. ஒருத்தி கேக் வெட்டுறாள், ஒருவரும் தின்னேல்ல. பெட்டி கட்டுறாங்க. புருஷனும் பெண்சாதியும் சண்டை பிடிக்கிறாங்க.

"என்னத்துக்குச் சண்டை?" முஹ்ஸினுக்கு ஆர்வம் வந்துவிட்டது.

"சத்தமில்லாத படம் சேர்."

"நல்ல சண்டைதான் அப்ப."

நாய் வந்தது. மூன்று நான்கு கழிக்கு நாய் மட்டும் ஓடியது. ஒட்டு இல்லை. வெட்டு இல்லை. கார் வந்தது. மணல் றோட்டு வந்தது. குளத்தின் மறு கோடியும் வந்தது.

"கடல்," என்றாள் யூஜினி.

கற்சிலுவை. வலை. பச்சை பெல்ட் கட்டிய சம்மாட்டி. கயிற்றில் வெள்ளைக் கை!

முஹ்ஸின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவரும் புத்தளத்தான். முறை தெரிந்தவர். கட்டம் கட்டமாக நகர்ந்தார். சம்மாட்டி மீனைத் தூக்குகிறார்... நீட்டுகிறார்... துரை கை நீட்டுகிறார்...

"வாங்கிறாரா? இல்லாட்டிப் படத்துக்குப் பிடிச்சுக் காட்டிட்டுத் திருப்பிக் குடுக்கிறாரா?"

அன்றைக்கு இருட்டறையில் இந்த இடத்தில்தான் அவள் எழும்பி நின்று கத்தத் தொடங்கியிருந்தாள். இதற்குப் பிறகு என்ன வருகிறது என்று அவளுக்கே தெரியாது!

முஹ்ஸின் இன்னும் ஓரடி நகர்ந்தார். இன்னும் ஓரடி.

"வாங்கிட்டார்," என்றார். "வாங்கி, டிரைவர்ட குடுக்கிறார். டிரைவர் காருக்குள்ள வைக்கிறார்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "அரசாங்கம் பங்கு வாங்கிட்டுது, தங்கச்சி."

யூஜினி சேற்றிலேயே குந்திவிட்டாள். அழுதாள். இந்தத் தடவை யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று.

முஹ்ஸின் ஃபோனை எடுத்தார். முதலில் கடற்கரைக்கு: அறிக்கை முடியும் வரை ஒரு கட்டைகூட நடக்கூடாது, நட்டதைப் பிடுங்கு. பிறகு பொலிஸுக்கு. மேசையில் கையை வைத்தபடி இருந்த றொமேஷ் தூரத்தில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் திண்ட இறாலுக்கும் ஏதும் அர்த்தம் வந்துடுமோ?" என்றார் முஹ்ஸின், கொஞ்சம் சங்கடத்தோடு.

"அது நீங்க எழுதப்போற அறிக்கையில இருக்கு சேர்."

யூஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். அதிர்ஷ்டம் என்று நினைத்தாள். ஒரு சிக்கனக்காரத் தாய், நல்ல பட்டியை ஏன் எரிப்பான் என்று கொக்குக்குக் கட்டிவிட்டாள். என்ன ஒரு அதிர்ஷ்டம்!

அப்போதுதான் கவனித்தாள்.

கொடி, விருந்து, பெட்டி, நாய்... வழி முழுக்கப் பட்டி தலைக்கு மேலே கட்டியிருந்தது. எம்பி எம்பித்தான் பார்த்தார்கள். கடைசியில் இந்தக் கடற்கரைத் துண்டு மட்டும் கண்ணுக்கு நேரே, நெஞ்சு உயரத்தில் கட்டியிருந்தது. அதற்குப் பின்னால், துணி காயப்போடும் கொடியில், தோய்த்து உலர்த்திய ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. சுருக்கமே இல்லாமல் இழுத்துக் கட்டியது. கட்டம் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிவதற்கு.

இவ்வளவு பெரிய பண்ணையில் விரிப்புக் காயப்போட வேறு இடமா இல்லை?

யூஜினி திரும்பினாள். எமிலியா சட்டியைக் கீழே வைத்துவிட்டு, வரம்பில் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தாள். பட்டியில் இருந்த பச்சை பெல்ட் மனுஷனை ஒரு தடவை பார்த்தாள். விரலால் தொடப்போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"மாமி..." என்றாள் யூஜினி. "நீங்க வேணுமெண்டுதான்..."

எமிலியா உதட்டில் விரலை வைத்தாள். தலவில இருக்கிற திசையைக் கண்ணால் காட்டினாள்.

முஹ்ஸினுக்கு அதெல்லாம் விளங்கவில்லை. உத்தியோகம் அப்படி. தொண்டையைச் செருமினார்.

"அம்மா, அறிக்கையில போட ஒரு கேள்வி. மகன் எரிக்கச் சொன்ன படத்தை நீங்க ஏன் இப்பிடிக் குளத்துக்கு மேலால கட்டினீங்க?"

எமிலியா குளத்தைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். மகனுக்கு எதிராக ஒரு சொல்லும் வரக்கூடாது. யோசித்தாள்.

"கொக்கு விரட்டத்தான் சேர். கட்டின நேரத்தில இருந்து ஒண்டுகூட இறங்கேல்ல பாருங்க..."

அவளுடைய முகத்தில் ஒன்றும் இல்லை.

"...வெள்ளைக்காரன் போயிட்டான் எண்டு அதுகளுக்கு இன்னும் ஆரும் சொல்லேல்லப் போல."